சின்னப் பட்டாளத்து லொறிக்காரன்

1

ஊரிலிருந்து கடிதம் போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: ஜேர்மனியில் பனி எப்படி? பனி குளிருகிறது. வேறென்ன செய்யும்? ஆறு வருடமாக அதையே எழுதி எனக்கும் அலுத்துவிட்டது. இந்த முறை வேறொன்று எழுதுகிறேன். வாசித்த பிறகு என்னைத் திட்ட விரும்புகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

என் மகள் மாலினிக்குப் பதின்மூன்று வயது. நான் முதலில் வந்து, இரண்டு வருடம் கழித்துத்தான் தாயையும் அவளையும் ஹம்பேர்க்குக் கூப்பிட்டேன். வந்தபோது வாய் திறந்தால் தமிழ்தான். இப்போது ஜேர்மன் மொழியில் சிரிக்கிறாள், சண்டை பிடிக்கிறாள், கனவிலும் அதில்தான் புலம்புகிறாள். தமிழ் எங்களுக்குப் பதில் சொல்ல மட்டும்.

போன மாசியில் அவளுடைய வகுப்புக்கு ஒரு வீட்டுவேலை கொடுத்தார்கள். அந்த நாட்களில் இங்கே தொலைக்காட்சியில் யூதர்களைக் கொன்ற கதையைக் காட்டினார்கள். மறுநாள் காலையில் எஸ்-பான் ரயிலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை சொல்லியிருக்கிறார்: "வீட்டிலோ அயலிலோ ஒரு முதியவரிடம் போங்கள். போரில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள்."

எங்களுக்குக் கீழ்வீட்டில் ஹெர் லூடர்ஸ் என்று ஒரு கிழவர் இருக்கிறார். மாலினிக்குச் சொக்லேட் கொடுக்கிற மனிதர். அவரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அன்றிரவு சாப்பிடும்போது சொன்னாள்:

"அவர் ட்ரைவராம் அப்பா. ரஷ்யாவில லொறி ஓடினவராம். வேற ஒண்டும் தெரியாதாம்."

"பாவம், மனுசன் என்ன செய்யும்," என்றாள் என் மனைவி புவனம்.

"எங்கட வகுப்பில எல்லாற்ற தாத்தாவும் ட்ரைவர்தான் அம்மா. இல்லாட்டிக் குசினியில சமையல். இல்லாட்டி ரெலிபோன். அப்ப சுட்டது ஆர் எண்டு ரீச்சர் கேட்டா, ஒருத்தரும் வாய் திறக்கேல்லை." மாலினி சிரித்தாள். "நான் ஹெர் லூடர்ஸிட்டைக் கேட்டன், லொறியில என்ன ஏத்தினீங்கள் எண்டு. கதவைச் சாத்திப்போட்டார்."

புவனம் என்னைப் பார்த்தாள். மாலினிக்குத் தெரிந்தவரை அவளுடைய அப்பா கொழும்புத் துறைமுகத்தில் லொறி ஓட்டியவர். உண்மை புவனத்துக்கு மட்டும் தெரியும். நான் பதினெட்டு வருடம் இலங்கைப் பட்டாளத்தில் லொறி ஓட்டியவன்.

2

எங்கள் பட்டாளம் சின்னப் பட்டாளம். வெள்ளைக்காரன் போகும்போது கொஞ்சம் சப்பாத்து, கொஞ்சம் துவக்கு, நிறையச் சட்டதிட்டம் விட்டுவிட்டுப் போனான். சப்பாத்தும் துவக்கும் தேய்ந்தன. சட்டதிட்டம் தேயவில்லை. நான் ஐம்பதுகளில் சேர்ந்தபோது கட்டளை எல்லாம் இங்கிலீசில்தான். மேலே அதிகாரிகள், பெரிய கல்லூரிகளில் படித்தவர்கள். நடுவில் சார்ஜன்ட்மார், மீசையும் தொண்டையும். அடியில் நாங்கள். காலாட்படை சில, பீரங்கி கொஞ்சம், பொறியாளர், செய்திப் பிரிவு, மருத்துவம், பிறகு எங்கள் போக்குவரத்து. போக்குவரத்துக்காரனை எந்தப் படைக்கும் இரவல் கொடுப்பார்கள், அயல்வீட்டுக்கு உரல் கொடுக்கிற மாதிரி.

சண்டை பிடிக்க எதிரி இல்லாத பட்டாளம் அது. துறைமுகத்தில் வேலைநிறுத்தம் என்றால் நாங்கள் அரிசி மூட்டை இறக்குவோம். வெள்ளம் என்றால் வள்ளம் தள்ளுவோம். வடக்குக் கடற்கரையில் இந்தியாவிலிருந்து வருகிற கள்ளத்தோணிக்கு இரவிரவாகக் காவல் இருப்போம். அகப்பட்ட ஏழைத் தமிழனை நானே லொறியில் ஏற்றிக்கொண்டு போய் ஒப்படைத்திருக்கிறேன். அவன் என்னிடம் தமிழில் தண்ணீர் கேட்பான். நான் தமிழ் விளங்காதவன் மாதிரி இருப்பேன். அவ்வளவு விசுவாசம் எனக்கு.

அறுபத்தொன்றில் யாழ்ப்பாணக் கச்சேரி அலுவலக வாசலில் சனம் சிங்களச் சட்டத்துக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தபோது, அவசரகாலம் என்று படையை இறக்கினார்கள். என்னையும் ஒரு லொறியோடு அனுப்பினார்கள். கூடாரத்தில் இருந்தவர்களைத் துவக்குப் பிடியால் அடித்தார்கள். வேட்டியைப் பிடித்து நிலத்தில் இழுத்தார்கள். எனக்குக் கணக்குப் படிப்பித்த வாத்தியார் மண்டை உடைந்து, மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்க, என் லொறிக்கு முன்னால் தவழ்ந்து போனார். நான் யன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருந்தேன். நான் அடிக்கவில்லை, நான் ட்ரைவர். அந்தச் சொல்லை நான் படித்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

அடுத்த வருடம் மேலதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்து அகப்பட்டார்கள். அதற்குப் பிறகு பட்டாளத்தின் முகமே மாறியது. கட்டளை சிங்களத்துக்கு மாறியது. கிறிஸ்தவரும் தமிழரும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். எங்கள் வண்டிச்சாலையில் கடைசியில் தமிழன் என்று நான் ஒருவன்தான். சிங்களம் நன்றாகக் கதைப்பேன். ஆனால் வாயைத் திறந்தால் யாழ்ப்பாணம் தெரியும்.

ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். பட்டாளத்து லொறியில் ட்ரைவருக்கு அதிகாரம் இல்லை. பக்கத்துச் சீட்டில் இருக்கிற சார்ஜன்டோ கோப்ரலோதான் வண்டிக்குத் தலைவன். புறப்பட முன் ட்ரைவர் வண்டியைச் சுற்றி நடந்து ஒவ்வொரு ரயரையும் குதிகாலால் உதைத்துப் பார்க்கவேண்டும். பிறகு பயணச் சீட்டை ஒரு பலகையில் வைத்துத் தலைவனிடம் நீட்டவேண்டும். எங்கே போகிறது, என்ன சுமை என்று அதில் இருக்கும். அவன் கையெழுத்துப் போடாமல் சாவியைத் திருப்பக்கூடாது. பின்னுக்கு எடுக்கிறதென்றாலும் தலைவன் இறங்கி நின்று கையால் வழிகாட்டவேண்டும். பதினெட்டு வருடம் அப்படியே செய்தேன். நாய் வால் மாதிரி, பிறகு அது நிமிரவே இல்லை.

3

எழுபத்திரண்டில், ஓய்வூதியத்துக்கு நாலு வருடம் இருக்கும்போது, பட்டாளத்தை விட்டேன். விசர் பிடித்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். ஏன் விட்டேன் என்பது போகப்போக விளங்கும். அடுத்த வருடம் ஹம்பேர்க்கில் வந்து இறங்கி, துறைமுகத்துக் கோப்பிக் களஞ்சியமொன்றில் மூட்டை தூக்கும் இயந்திரம் ஓட்டச் சேர்ந்தேன். வதிவிட அனுமதிக்கான அன்ட்ராக் படிவத்தில் "இராணுவ சேவை?" என்று ஒரு கேள்வி. "நைன்", இல்லை என்று எழுதினேன். ஜேர்மன் மொழியில் நான் எழுதிய முதல் சொல்லே பொய்தான்.

அங்கே எனக்குக் கிடைத்த ஒரே கூட்டாளி சுமனபால. சிங்களவன், என்னைவிடப் பதினைந்து வயது இளமை. காலி நகரிலிருந்து உள்ளே தள்ளி, கறுவாப் பட்டை உரிக்கிற ஒரு கிராமம் அவனுக்கு. முகம் நிறையச் சிரிப்பு, கை நிறைய வேலை. எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். புவனத்தின் மீன்குழம்பைச் சட்டியோடு முடிப்பான். மாலினிக்குச் சைக்கிள் பழக்கியது அவன்தான். நாங்கள் இருவரும் சிங்களத்தில்தான் கதைப்போம். இங்கே நான் எழுதுவது எங்கள் தமிழில்.

எழுபத்தொன்றாம் ஆண்டுச் சித்திரையில் தெற்கே படித்த பொடியன்கள் அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பினதும், பொலிஸ் நிலையங்களை அடித்ததும், பட்டாளம் போய் அடக்கினதும் உங்களுக்குத் தெரியும். சுமனபாலவின் தம்பி ஜயந்தவை அப்போது பிடித்துக்கொண்டு போனார்கள். சுமனபால தப்பி ஓடிக் கப்பலேறியவன். தம்பி சிறையில் இருக்கிறான் என்றே நம்பிக்கொண்டிருந்தான். எழுபத்தேழில் சிறையில் இருந்தவர்களை விட்டார்கள். ஜயந்த வரவில்லை. அதைச் சொல்லி ஊரிலிருந்து கடிதம் வந்த கிழமை, ஞாயிற்றுக்கிழமை சுமனபால எங்கள் வீட்டில்தான் இருந்தான்.

"அம்மா இன்னும் நம்புறா அண்ணை. இன்னொரு சிறை இருக்கு, அங்க வைச்சிருக்கிறாங்கள் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறா. ஊரில மற்ற வீடுகளில எல்லாம் செத்த பிள்ளையளுக்காகப் பிக்குமாருக்குத் தானம் குடுத்து முடிச்சிட்டினம். அம்மா மட்டும் குடுக்கமாட்டன் எண்டு நிக்கிறா. உயிரோட இருக்கிறவனுக்குத் தானம் குடுத்தா நானே அவனைக் கொன்ற மாதிரி எண்டு சொல்லுறா. ஒவ்வொரு நாளும் அவனுக்குச் சோறு போட்டு மூடி வைக்கிறா, காலமை எடுத்து நாய்க்குப் போடுறா. கண்ட ஒருத்தன் வந்து சொன்னாத்தான் அவ நம்புவா."

பிறகு பணப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினான். பாடசாலைக் கெடெற் படையின் உடுப்பில் ஒரு பொடியன், தோள் நிமிர்ந்து, குதிகால் இரண்டும் ஒட்டி. "மாகாணத்திலேயே முதல் கெடெற் இவன்தான்," என்றான் சுமனபால. "தியத்தலாவைக்குப் பயிற்சிக்குப் போனவன். ஆமியில சேரவேணும் எண்டு நிண்டவன்."

அந்த முகத்தை எனக்குத் தெரியும். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்ல வடிவான பொடியன்," என்றேன். அவன் போன பிறகு புவனத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, "இஞ்சாருங்கோ, வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ. சொன்னா அந்தப் பிள்ளை இந்த வாசல்படி மிதிக்காது. எங்களுக்கும் இஞ்ச ஆர் இருக்கினம்?" என்றாள்.

சும்மா இருந்தேன். இரண்டு வருடம். அவன் ஞாயிறுதோறும் வந்து மீன்குழம்பு சாப்பிட்டான். அங்கே ஒரு தாய் ஒவ்வொரு நாளும் சோறு போட்டு மூடிவைத்தாள். நான் வாயைத் திறந்திருந்தால் அது அன்றைக்கே நின்றிருக்கும்.

4

இந்தச் சித்திரையில் களஞ்சியத்து லொறிக்காரனுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. மேற்பார்வையாளன் என்னிடம் சாவியைத் தந்து, கோப்பி மூட்டைகளை நகரத்துக்கு அப்பால் ஒரு வறுக்கும் ஆலைக்குக் கொண்டுபோகச் சொன்னான். உதவிக்குச் சுமனபால.

ஏழு வருடத்துக்குப் பிறகு லொறி. மாலினியின் கேள்வி வேறு இரண்டு மாதமாக மண்டைக்குள் நிற்கிறது. யோசனை எங்கேயோ இருந்தது. கால் தன்பாட்டில் நடந்தது. வண்டியைச் சுற்றி வந்து நாலு மூலை ரயரையும் குதிகாலால் உதைத்தேன். பொருள் பட்டியல் செருகியிருந்த பலகையைக் கதவில் மாட்டியிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் போய், ஏறி இருந்த சுமனபாலவிடம் நீட்டி, நேராக நின்று, "கையெழுத்து," என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன செய்தேன் என்று விளங்கியது. பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டியவன் ஆலைக்காரன். சுமனபாலவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சுமனபால பலகையைப் பார்த்தான். என் சப்பாத்தைப் பார்த்தான். நான் ஏறி வண்டியை எடுத்தேன். பாலம் ஒன்றைத் தாண்டினோம்.

"ஓரமா நிப்பாட்டுங்கோ அண்ணை."

கால்வாய்க் கரையில் நிறுத்தினேன்.

"தம்பியை ஏத்தேக்குள்ள நான் கறுவாப் பத்தைக்குள்ள கிடந்தனான்," என்றான். "முகம் ஒண்டும் தெரியேல்லை. காலும் கையும்தான் தெரிஞ்சது. பொடியளை ஏத்தி முடிய, ட்ரைவர் இறங்கி ரயர் ரயரா உதைச்சான். பிறகு ஒரு பலகையைச் சார்ஜன்டிட்டை நீட்டினான். அவன் சைன் வைச்சான். என்ர தம்பி உள்ளுக்க ரத்தத்தோட கிடக்கிறான், இவங்கள் ஆறுதலாச் சைன் வைக்கிறாங்கள் எண்டு நினைச்சன். அதை நான் மறக்கேல்லை." என் பக்கம் திரும்பினான். "நீங்கள் ஆமியோ?"

"ஓம்."

"அந்தச் சித்திரையில எங்க நிண்டனீங்கள்?"

பெரிய நாட்டுப் பட்டாளம் என்றால் வேறு இடம் ஒன்றைச் சொல்லித் தப்பலாம். எங்கள் பட்டாளத்தில் அந்தப் பகுதிக்கு வந்த லொறிகளைக் கைவிரலில் எண்ணலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எவ்வளவு காலம் மறைப்பது? எனக்கும் களைத்துவிட்டது. சொன்னேன்.

5

அவனுக்குச் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

சுமனபாலவின் கிராமத்துக்குப் போவதற்கு முதல்நாள் எங்கள் ஆட்களில் இரண்டு பேர் செத்திருந்தார்கள். பால் தகரப் பேணியில் செய்த குண்டு. ஒருவன் எங்கள் சமையற்காரன் பியதாச. வயிறு கிழிந்து, குடலைத் தன் கையாலேயே உள்ளே தள்ளிக்கொண்டு, பருப்புச் சட்டி அடிப்பிடிக்கப் போகிறது என்று சொல்லிச் சொல்லிச் செத்தான். அவனை என் லொறியில்தான் ஏற்றினோம். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை அந்தக் கிராமத்துக்குப் போனோம். எல்லாருடைய கண்ணும் சிவந்திருந்தது, என்னுடையதும்தான். நான் பொடியன்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் வைத்திருக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பதினொரு பேரைப் பிடித்தார்கள். எவன் குற்றவாளி, எவன் வழியில் போனவன் என்று யார் பார்த்தது? வீட்டு முற்றங்களில் வைத்தே அடித்தார்கள். துவக்குப் பிடியால் வாயில் அடிக்கிற சத்தம், தேங்காய் உடைக்கிற சத்தம்தான். ஒருவனுடைய விரல்களைக் கறுவா உரிக்கிற கட்டையில் வைத்து நசித்தார்கள், அவனிடம் ஆயுதம் எங்கே என்று கேட்டு. அவனுக்கு ஆயுதம் எங்கே என்று தெரியவில்லை. கயிற்றால் இரண்டு இரண்டு பேராகக் கட்டி ஏற்றினார்கள். கடைசி ஒருவனுக்குச் சோடி இல்லை. அவனை லொறிச் சட்டத்தில் கட்டினார்கள். நான் ரயரை உதைத்தேன். பலகையை நீட்டினேன். சார்ஜன்ட் கையெழுத்துப் போட்டார்.

ஆற்றங்கரையில் மணல் அள்ளுகிற இடம் ஒன்று. கயிற்றை அவிழ்த்து வரிசையாக நிற்கவிட்டார்கள். சார்ஜன்ட் பழக்கத்தில், அணிவகுப்பில் கத்துகிற மாதிரி, "சீருவென்!" என்று கத்தினார். நேராக நில் என்று கட்டளை. பத்துப் பேர் வளைந்து நெளிந்து நின்றார்கள். கடைசி ஆள் மட்டும், சட்டத்தில் கட்டியிருந்தவன், பட்டென்று குதிகால் இரண்டையும் ஒட்டி, கையை இறுக்கி, நெஞ்சை நிமிர்த்தினான். வாயிலிருந்து இரத்தம் வடிகிறது. கண் மட்டும் நேரே பார்க்கிறது.

சார்ஜன்ட் கிட்டப் போனார். "உனக்கு ஆர் இது படிப்பிச்சது?"

"தியத்தலாவைக் கெடெற் காம்ப், சேர்."

சார்ஜன்ட் தியத்தலாவையில் கெடெற் பொடியன்களுக்கு அணிநடை பழக்கியவர். அவரே பழக்கிய பிள்ளையாகக்கூட இருக்கலாம். அவருடைய முகம் ஒரு கணம் என்னமோ செய்தது. நான் நினைத்தேன், இவனை விடப்போகிறார் என்று. அவர் கையை ஓங்கி அந்தப் பொடியனின் கன்னத்தில் அறைந்தார், அவன் விழுகிற அளவுக்கு. எழுந்து மறுபடியும் அதே மாதிரி நின்றான். சார்ஜன்ட் பின்வாங்கி நின்று சுடச் சொன்னார்.

தோட்டா அந்த நாட்களில் தட்டுப்பாடு. எண்ணித்தான் தந்திருந்தார்கள். சுட்டு முடியவும் மணலில் இரண்டு பேர் அசைந்தார்கள். ஒருவன் முனகினான். இன்னொரு தோட்டா வீணாக்காதே என்று சார்ஜன்ட் சொன்னார். பிறகு என்னிடம் வந்து, "பின்னுக்கு எடு," என்றார்.

விளங்கவில்லை என்று நடித்தேன். மறுபடி சொன்னார். அப்போதும் சட்டப்படிதான் எல்லாம். வண்டியின் தலைவன் கையால் வழிகாட்டாமல் பின்னுக்கு எடுக்கக்கூடாதல்லவா? வழமையாகப் பின்னால்தான் நிற்பார். அன்றைக்குப் பின்னால் அவர்கள் கிடந்தார்கள், கால் வைக்க இடமில்லை. முன்னால் வந்து நின்று இரண்டு உள்ளங்கையையும் என் பக்கம் காட்டித் தள்ளித் தள்ளி, "யன்ட, யன்ட," என்றார். போ, போ. நான் பக்கக் கண்ணாடியை மடக்கினேன். கியரைப் போட்டேன்.

ஒருமுறை. பிறகு முன்னுக்கு. பிறகு இன்னொருமுறை.

உடல்களை ஆற்றில் தள்ளினார்கள். சக்கரத்தைக் கழுவச் சொன்னார்கள். முகாமுக்குக் காவலரண் கட்ட மணல் வேண்டும் என்று அதே இடத்தில் மணல் ஏற்றினோம். பயணச் சீட்டில் திரும்புகிற சுமை என்ற இடத்தில் "மணல்" என்று என் கையால் எழுதினேன்.

சுமனபால முன்கண்ணாடியைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கேட்டான். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டான்.

"தம்பி சுட்டதோடையே போயிட்டானோ?"

"தெரியாது. நான் பாக்கேல்லை."

"அந்த ரெண்டு பேரில அவன் ஒராளோ?"

"தெரியாது சுமனே. கண்ணாடியை மடக்கிப்போட்டன்."

சாக்குத் தூக்குகிற கொக்கி ஒன்று காலடியில் கிடக்கும். அதன் மரப்பிடியால் என் வாயில் அடித்தான். இரண்டாவது அடி கன்னத்தில், மூன்றாவது கழுத்தில். ஒரு பல் மடியில் விழுந்தது. நான் கையைத் தூக்கவில்லை. நல்லவன் என்று காட்ட இல்லை, கை எழும்பவில்லை. கொக்கியின் இரும்பு முனையைத் திருப்பி என் தொண்டைக்கு நேரே பிடித்தான். அப்படியே கொஞ்ச நேரம் பிடித்திருந்தான். பிறகு அதைக் கால்வாய்க்குள் எறிந்துவிட்டு இறங்கி நடந்து போனான்.

நான் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மூட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொலிசைக் கூப்பிடவா என்று ஆலையில் கேட்டார்கள். ஏணியில் வழுக்கிவிட்டேன் என்றேன்.

6

வாய் வீங்கி இருந்த அந்தக் கிழமையில்தான் வதிவிட அனுமதி புதுப்பிக்க டெர்மின், அதாவது போகவேண்டிய நாள், வந்தது. எங்கள் வீட்டில் படிவம் நிரப்புகிறவள் மாலினி. குசினி மேசையில் இருந்து, கேள்விகளை வாசித்து, எனக்குத் தமிழில் சொல்லி, ஜேர்மனில் எழுதினாள். இராணுவ சேவை என்ற இடம் வந்தது.

"நைன் தானே அப்பா?" பேனை எழுதத் தொடங்கிவிட்டது.

"ஓம் எண்டு போடு."

"முன்னம் நைன் எண்டெல்லோ குடுத்தனீங்கள்?"

"முன்னம் பொய். இப்ப ஓம் எண்டு போடு."

அடுப்படியில் நின்ற புவனம், "இஞ்சாருங்கோ," என்றாள். மாலினி மெதுவாக எழுதினாள். "என்ன வேலை எண்டு கேட்டிருக்கு."

"ட்ரைவர்."

அவள் பேனையை வைத்தாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை. இரண்டு மாதத்துக்கு முன் அந்தக் கேள்வியைச் சொல்லிச் சிரித்தவள். இப்போது சிரிக்கவில்லை.

"லொறியில என்ன ஏத்தினீங்கள் அப்பா?"

கதவைச் சாத்துவதற்கு எனக்கும் ஒரு கதவு இருந்தால் சாத்தியிருப்பேன். "ஆக்கள்," என்றேன். "பதினொரு பேர். திரும்பி வரேக்குள்ள ஒருத்தரும் இல்லை."

அவள் படிவத்தை முடித்துத் தந்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். அதற்குப் பிறகு என்னோடு கதைப்பதெல்லாம் ஜேர்மனில்தான். கேட்டதற்குப் பதில் வரும், மரியாதையாக வரும். அனுமதி கொடுக்கிற கந்தோரில் என் பழைய படிவத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வருடத்துக்குப் பதிலாக மூன்று மாதத்துக்குத்தான் முத்திரை குத்தித் தந்தார்கள். மேற்கொண்டு விளக்கம் எழுத்தில் வேண்டுமாம். எழுதத்தான் போகிறேன்.

7

மூன்றாவது கிழமை, வேலை முடிந்து வரும்போது களஞ்சியத்து வாசலில் சுமனபால நின்றான். மெலிந்து போயிருந்தான். என் முகத்தைப் பார்க்காமல் கதைத்தான்.

"அம்மாவுக்குக் கடிதம் போட்டனான். சனிக்கிழமை ஊர்த் தபால் கந்தோருக்கு வந்து நிப்பா. நீங்கள்தான் சொல்லவேணும். நான் சொன்னா நம்பமாட்டா. கண்ட ஆள் சொல்லவேணும்."

"எல்லாத்தையும் சொல்லவோ?"

"செத்ததைச் சொல்லுங்கோ. லொறி பின்னுக்கு வந்ததைச் சொல்லாதையுங்கோ. அதை நான் வைச்சுக்கொள்ளுறன்."

சனிக்கிழமை காலை பிரதான புகையிரத நிலையத்துக்குப் பக்கத்துத் தபால் நிலையத்தில் அழைப்புப் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல். ஒரு வாங்குப் பலகையின் இரண்டு முனையில் இருந்தோம். பிறகு எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். ரெலிபோன் கூண்டுக்குள் இரண்டு பேரும் நெருங்கி நின்றோம். அவன் தாயோடு நாலு வார்த்தை பேசி, "இவர்தான் அம்மா, சொன்ன ஆள்," என்று ரிசீவரை என் கையில் தந்துவிட்டு, முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பட்டாளத்தில் அறிக்கை சொல்லுகிற மாதிரிச் சொன்னேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. உங்கள் மகன் சிறையில் இல்லை, அம்மா. ஆற்றங்கரையில் சுட்டார்கள். நான் அங்கே நின்றேன். என் கண்ணால் கண்டேன். நேராக நின்றான், அழவில்லை, ஒருவரிடமும் கெஞ்சவில்லை. சொன்னது எல்லாம் உண்மை. சொல்லாததும் உண்மை.

கடல் இரைகிற மாதிரிக் கம்பி இரைந்தது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"எந்த நாள்?" என்றது ஒரு குரல். கிழட்டுக் குரல், நடுங்காத குரல்.

"பிடிச்ச அந்த வெள்ளிக்கிழமையே அம்மா. மத்தியானத்துக்குள்ள."

"அண்டைக்கே. அப்ப எட்டு வரியமா நான் நாய்க்குத்தான் சமைச்சிருக்கிறன்."

நான் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"தானம் குடுக்கிறன். வெள்ளிக்கிழமையே குடுக்கிறன். நீ ஆர்?"

"லொறி ஓடினவன் அம்மா."

"உன்ர சிங்களம் தமிழ் ஆக்கள் கதைக்கிற மாதிரிக் கிடக்கு."

"ஓம் அம்மா. நான் தமிழன்."

பிறகு அவர் அவசரப்படாமல், ஏதோ நேற்று நடந்த ஒன்றை ஞாபகப்படுத்துகிறவர் மாதிரிச் சொன்னார்:

"அண்டைக்குக் காலமை உங்கட லொறி கொதிச்சு, எங்கட வேலியடியில புகைஞ்சுகொண்டு நிண்டது. தண்ணி கேட்டு ஒரு தமிழ்ப் பொடியன் வந்தவன். தலையைக் குனிஞ்சுகொண்டு அம்மா எண்டு கேட்டவன். நான்தான் கிணத்தில அள்ளி வாளியோட குடுத்தனான்."

சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்கு நினைவில் இருக்கவில்லை. பியதாசவின் குடல் நினைவிருந்தது, கயிறு நினைவிருந்தது, சார்ஜன்டின் உள்ளங்கை நினைவிருந்தது. எட்டு வருடத்தில் ஒருநாளும் அந்தக் கிணறு எனக்கு வரவில்லை. அவர் சொல்லத்தான் வந்தது. நெளிந்த தகர வாளி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண். ரேடியேட்டர் நிரம்பிய பிறகு, பொடியன்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, இரவல் சாமான் என்று நினைத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு நான் வேலியடிக்கு ஓடியது.

"அது நீதானே?"

"நான்தான் அம்மா."

"வாளியைத் திருப்பித் தந்தனி," என்றார். "பிள்ளையைத்தான் தரேல்லை."

ரிசீவரைச் சுமனபாலவிடம் கொடுத்துவிட்டுக் கூண்டுக்கு வெளியே வந்து நின்றேன்.